மூங்கிலும் நம் குடியிருப்பும்

(நெல்லிக்குப்பத்தில் நடைபெற்ற நம் கல்விக் கழக வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இவ்வெள்ளிவிழாவில் கல்வியைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் உரிமைகளைப் பற்றியும் அறிஞர் பலர் பேசுகின்றனர். நமக்குத் தரப்பட்ட பொருள், கட்டடப் பொருளாக மூங்கிலின் நிலைபேறு என்பதாகும். இது பொறியியல் கல்லூரி வகுப்பறைக்குரிய பொருள், நம் விழாவில் இதற்கென்ன இடம் என்று சிலர் எண்ணலாம். சிந்தித்துப் பார்த்தால், மூங்கிலின் கீழ்ப் பிறந்து, மூங்கிலின் கீழ் வாழ்ந்து, மூங்கிற் பாடையிலேயே இறுதிப் பயணம் போன மக்கள் நாம். நம்மைக் கேளாமல் இப்பொருளைப் பற்றி முடிவு சொல்ல எவருக்கும் தகுதியில்லை.

நிலைபேறு என்பது யாது? ஒரு பொருளை இன்று நாம் பயன்படுத்துவதால் நாளை வருவோர்க்கு அது இல்லாமற் போகலாகாது. அதனை உண்டாக்குவதால் மண்ணும் நீரும் காற்றும் கெடலாகாது. அறிவியலார் கூறும் இலக்கணம் இது. அதனோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல வந்த செய்தி. அப்பொருளால் கட்டிய வீடும் நிலைக்க வேண்டும். அவ்வீட்டில் குடியிருப்பவரின் உயிரும் மானமும் நிலைக்க வேண்டும். இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தால்தான் மூங்கிலின் உண்மையான தரம் விளங்கும்.

குடிசையில் மூங்கில்

நம் தென்னார்க்காட்டுப் பகுதியில் உழவுத் தொழிலாளரின் குடிசை எவ்வாறு எழுந்தது என்பதைப் பெரியோர் அறிவர். மூலைக்கொரு பனங்கட்டை அல்லது சவுக்குக் கால். நடுவே உயர்ந்த இரண்டு கால்கள். அவற்றின்மேல் முகட்டு வளை. வளையிலிருந்து சரிந்திறங்கும் மூங்கிற் கழிகள். அவற்றின் குறுக்கே பிளந்த மூங்கில் வரிச்சு. வரிச்சின்மேல் தென்னங்கீற்றோ பனையோலையோ வேய்வர். கரும்பு விளையும் இவ்வட்டாரத்தில் கரும்புச் சோகையும் கூரையாயிற்று. சுவர் மண்ணால் ஆனது. வாசலுக்கு ஒரு படல். ஆணிக்குப் பதிலாகக் கயிறும் நாரும்.

இதனைக் கட்டியவர் நம் முன்னோரே. அவர்களிடம் வரைபடம் இல்லை. எனினும், கழியைத் தட்டிப் பார்த்த ஓசையிலேயே முற்றியது எது, இளசு எது, எது ஏணிக்கு ஆகும், எது வரிச்சுக்கு ஆகும் என்று சொல்லும் அறிவு இருந்தது. ஊர்த் தெருவின் திருமணங்களுக்குப் பந்தல் போட்டவர்கள் அவர்கள். மாடி வீடுகளுக்குச் சாரம் கட்டியவர்களும் அவர்கள். பந்தலைப் போட்டவருக்குப் பந்தியில் இடமில்லை. சாரம் கட்டியவர் மாலையானதும் ஒழுகும் கூரைக்குத் திரும்பினார். கைத்திறன் நம்மிடம் இருந்தது. அதன் பயன் மட்டும் பிறரிடம் சேர்ந்தது.

அக்குடிசைக்கு நிலைபேறு இருந்ததா என்று கேட்போம். பக்குவம் செய்யாத மூங்கிலை மண்ணில் ஊன்றினால் ஓரிரு ஆண்டுகளில் அடி இற்றுவிடும். மழை படாமல் கூரைக்குள் இருந்தாலும் நான்கு முதல் ஏழு ஆண்டுகளுக்குள் உளுத்துக் கொட்டிவிடும். மேலே வேய்ந்த கீற்றையோ ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை மாற்றியாக வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திற்கும் அறுவடைக் கூலியில் ஒரு பங்கு போயிற்று. போதாததற்குக் கடனும் சேர்ந்தது. கட்டும்போது மலிவாகத் தோன்றிய குடிசை, காக்கும்போது கடன்காரராக்கிற்று. இயற்கையோடு இயைந்த எளிய குடில் என்று நகரத்தார் புகழும்போது இக்கணக்கைச் சேர்த்துக்கொள்வதில்லை. பொருள் மீண்டும் விளையும் என்பது உண்மையே. ஆனால் ஏழையின் உழைப்பைத் தின்றுகொண்டே நிற்கும் வீட்டை நிலைபேறுடைய வீடு என்று நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

தீயும் காற்றும்

செலவைவிடக் கொடியது ஆபத்து. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். தீயிட்டது ஆதிக்க வெறி. மூங்கிலின்மேலோ ஓலையின்மேலோ பழிபோட இயலாது. ஆயினும், எளிதில் எரியும் கூரையின்கீழேயே ஒரு சமுதாயம் முழுவதும் வைக்கப்பட்டிருந்தது என்பதை மறக்கலாகாது. 1974-இல் தமிழ்நாடு ஆதிதிராவிடர் வீட்டுவசதிக் கழகம், அதாவது தாட்கோ, தொடங்கப்பட்டபோது அதன் முதன்மை நோக்கமாக எழுதப்பட்டது ஆதிதிராவிடர்க்குத் தீப்பிடிக்காத வீடுகள் கட்டித் தருவது என்பதாகும். ஓர் அரசு நிறுவனம் அச்சொல்லைத் தன் நோக்கமாக எழுதவேண்டி வந்ததென்றால், நம் மக்கள் பட்ட பாட்டிற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. பின்னர் 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் கீற்றுக்கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டதும் நாடறிந்த துயரம்.

தீக்கு அடுத்தது காற்று. 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறிய தானே புயலில் பண்ணுருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. குடிசைகளின் கூரைகள் பறந்தன. 2024 நவம்பர் 30-இல் பெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்தது. தொடர்ந்து வந்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட வெள்ளம் தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் புகுந்தது. தாழ்ந்த நிலத்தில், ஆற்றோரத்தில், வடிகால் இல்லாத இடத்தில் யார் குடியமர்த்தப்பட்டிருந்தார்களோ அவர்கள் வீட்டில்தான் வெள்ளம் முதலில் நுழைந்தது.

ஆகவே, கெட்டியான வீடு வேண்டும் என்பது நம் சமுதாயத்தின் நெடுநாளைய கோரிக்கை. அது நியாயமான கோரிக்கை. 2010-இல் தமிழக அரசு 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றுவதென்று திட்டம் வகுத்தது. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், வீடொன்றுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்ற கணக்கில், 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் கட்ட இலக்கு வைத்தது. இவ்வுரிமையை மூங்கிலின் பெயரால் எவரும் குறைத்துவிட நாம் இடந்தரலாகாது. உலகைக் காக்கும் பொறுப்பு ஏழைக்கு மட்டும், உறுதியான வீடு மற்றவர்க்கு மட்டும் என்பது புது உடை உடுத்திய பழைய அநீதியே ஆகும்.

கான்கிரீட்டின் மறுபக்கம்

அங்ஙனமாயின் மூங்கிலை அடியோடு மறந்துவிடலாமே என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். மறக்கலாகாது. ஏனெனில் கான்கிரீட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. அதனையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக் கல்லைப் பெருஞ்சூட்டில் சுடுகின்றனர். அப்போது எரிபொருளிலிருந்து கரியமில வாயு வெளியேறுவதோடு, கல்லிலிருந்தே அவ்வாயு பிரிகிறது. எரிபொருளை மாற்றினாலும் கல்லிலிருந்து பிரிவதை நிறுத்த இயலாது. மனிதச் செயலால் உலகெங்கும் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலால் வருவது என்று கணக்கிட்டுள்ளனர். நமக்கு அண்டையில் அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல் சுரங்கங்களைக் கண்டவர்கள், ஒரு மூட்டை சிமெண்டுக்கு மண் கொடுக்கும் விலையை உணர்வர். மணலுக்காகப் பெண்ணையாறும் கொள்ளிடமும் பட்ட பாட்டை நாம் கண்ணாரக் கண்டோம். ஆற்றில் மணல் போனால் அருகிலுள்ள கிணற்றில் நீர் போகும். நீர் போனால் நடவு வேலை போகும். வேலை போனால் நம் அடுப்பு அணையும். காற்று மண்டலம் சூடேறினால் புயலும் பெருமழையும் கடுமையாகும் என்று அறிவியலார் எச்சரிக்கின்றனர். அக்கடுமையையும் முதலில் தாங்க வேண்டியவர்கள் கரையோரத்து ஏழைகளே.

கான்கிரீட் என்பதாலேயே வீடு நிலைத்துவிடுவதும் இல்லை. அரசு கட்டித் தந்த பழைய தொகுப்பு வீடுகளில் மேற்பூச்சு உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி பல்லிளிக்கும் காட்சி நம் மாவட்டத்தில் அரிதன்று. உப்புக் காற்று வீசும் கடலோரத்தில், கம்பிக்குமேல் போதிய காரை இல்லாமல் போட்ட தளம் எத்தனை நாள் தாங்கும்? ஆதலால், நிலைபேறு பொருளின் பெயரில் இல்லை. அப்பொருளை எவ்வளவு அறிவோடும் நேர்மையோடும் கையாளுகிறோம் என்பதிலேயே இருக்கிறது. இது கான்கிரீட்டுக்கும் பொருந்தும், மூங்கிலுக்கும் பொருந்தும்.

மூங்கிலின் இயல்பு

மூங்கில் மரமன்று, புல்லினத்தைச் சேர்ந்தது. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து முளை கிளம்பும்போதே அது எவ்வளவு பருமனாகுமோ அவ்வளவு பருமனோடு கிளம்புகிறது. இரண்டு மூன்று திங்களுக்குள் முழு உயரத்தையும் எட்டிவிடுகிறது. அதன்பின் உயர்வதில்லை, உள்ளே நார் முற்றி இறுகுகிறது. மூன்று நான்கு ஆண்டுகளில் கட்டடத்திற்கு ஆகும் கழி கிடைக்கிறது. நல்ல தேக்கு மரத்திற்கு இதைப்போலப் பத்து மடங்குக்கு மேற்பட்ட காலம் வேண்டும்.

நம் மாவட்டத்துச் சவுக்குத் தோப்புகளோடு இதனை ஒப்பிடலாம். சவுக்கும் சில ஆண்டுகளில் வெட்டுக்கு வரும். ஆனால் தோப்பை வெட்டியபின் மீண்டும் கன்று வாங்கி நட வேண்டும். மூங்கிற் புதரிலோ முற்றிய கழியை மட்டும் எடுத்தால், கிழங்கு அழியாமல் ஆண்டுதோறும் புது முளை விடும். ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் அதன் வேர் மண்ணை இறுகப் பிடிக்கிறது. வளம் குன்றாமல் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

வலிமையிலும் அது குறைந்ததன்று. நார் ஓடும் வாக்கில் இழுத்தால், நல்ல மூங்கில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 100 நியூட்டனுக்கு மேற்பட்ட இழுவிசையைத் தாங்கும். எடையோ இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவே. எடைக்கு எடை வைத்து நோக்கினால் இரும்போடு போட்டியிடத்தக்கது.

குறைகளையும் மறைக்கலாகாது. நார் வாக்கில் எளிதிற் பிளக்கும். நம் முள் மூங்கில் போன்ற இனங்கள் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்து, மூங்கிலரிசியை உதிர்த்துவிட்டுக் கூட்டமாக மடியும். ஆகையால் ஒரே இனத்தை மட்டும் நட்டு அதனையே நம்பியிருத்தல் தகாது. மூங்கில் கரியமில வாயுவை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது என்பதும் ஒரு வரம்புக்கு உட்பட்ட உண்மையே. புதரிலேயே விட்ட கழி சில ஆண்டுகளில் பட்டு மக்கும். மக்கினால் வாயு மீண்டும் வெளியேறும். கழியை வெட்டி, பக்குவம் செய்து, நெடுங்காலம் கட்டடத்தில் வைத்திருந்தால்தான் அந்நன்மை நிலைக்கும். எப்படிப் பார்த்தாலும் முடிவு ஒன்றே: நீண்ட நாள் உழைக்காத மூங்கில் நிலைபேறுடைய மூங்கில் ஆகாது.

பக்குவமும் கட்டுமுறையும்

மூங்கிலுக்கு ஆயுள் தருவன எவை? அவற்றை வரிசையாகக் கூறுவோம். இளைஞர்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டுகிறோம்.

முதலாவது, வெட்டும் முறை. மூன்று ஆண்டு நிரம்பாத கழியை வெட்டலாகாது. முளை விடும் மழைக்காலத்தில் வெட்டலாகாது. கழியில் மாவுச்சத்தும் இனிப்பும் உண்டு. மூங்கிலை உளுக்கச் செய்யும் வண்டு அம்மாவுச்சத்தைத் தேடியே வருகிறது. தேய்பிறையில் வெட்ட வேண்டும், நீரில் ஊறப்போட வேண்டும் என்று பெரியோர் சொல்லி வந்தனர். பிறை எதுவாயினும், ஓடும் நீரிலோ குளத்திலோ சில வாரம் ஊறினால் அச்சத்துக் கரைந்து வண்டின் தாக்குதல் குறையும் என்பதைச் சோதனைகளும் ஒப்புகின்றன.

இரண்டாவது, மருந்தூட்டல். வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில், கணுக்களின் உட்தடுப்பை நீண்ட கம்பியால் துளைத்துவிட்டு, கழியை ஒரு வாரமளவும் மூழ்க வைத்து, பின் நிழலில் உலர்த்துவர். இம்முறைக்கு ஒரு நீண்ட தொட்டியும் சிறிது பயிற்சியும் போதும். பெரிய ஆலை வேண்டுவதில்லை. பக்குவம் செய்து, மழை படாமல் வைத்த மூங்கில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கிறது. ஆனால் இம்மருந்து நீரில் கரையக்கூடியது. மழையில் நனையும் இடத்திலும் மண்ணில் புதையும் இடத்திலும் இது பயன்படாது.

ஆதலால் மூன்றாவது, கட்டுமுறை. மூங்கிற் காலை மண்ணில் ஊன்றும் பழைய வழக்கத்தைக் கைவிட வேண்டும். கல்லாலோ கான்கிரீட்டாலோ தரையிலிருந்து உயர்ந்த பீடம் எழுப்பி, அதன்மேல் காலை நிறுத்தி, இரும்புப் பட்டையால் பீடத்தோடு பிணைக்க வேண்டும். கூரையைச் சுவருக்கு வெளியே நன்றாக நீட்டி இறக்கிவிட்டால் சாரல் படாது. மூங்கில் கட்டடம் எடை குறைந்தது; நிலநடுக்கத்தில் அது நன்மை, புயலில் அதுவே தீமை. காற்று கூரையைத் தூக்காமலிருக்கப் பீடம் முதல் முகடு வரை பிணைப்பு அறுபடாமல் தொடர வேண்டும். திருகாணி போடும் இடத்தில் கணுவிடையை சிமெண்டுச் சாந்தால் நிரப்பினால் கழி பிளக்காது.

நான்காவது, தீக்காப்பு. மூங்கில் எரியக்கூடியதே, அதனை ஒளிக்கலாகாது. சட்டத்தின் இருபுறமும் வரிச்சடித்து, கம்பி வலை பொருத்தி, சிமெண்டுச் சாந்தோ சுண்ணாம்புச் சாந்தோ பூசிய சுவர் எளிதில் தீப்பற்றுவதில்லை. மேலே ஓலைக்குப் பதிலாக ஓடோ பிற எரியாக் கூரையோ போட வேண்டும். குடிசையைத் தீக்கு இரையாக்கியதில் பெரும்பங்கு ஓலைக்கும் கீற்றுக்கும் உரியது. அவற்றை நீக்காத வரையில் எந்த மூங்கில் வீட்டையும் நம் மக்கள் ஏற்கத் தேவையில்லை.

இன்னுமோர் எச்சரிக்கை. கான்கிரீட் தளத்தில் இரும்புக் கம்பிக்கு மாற்றாக மூங்கிற் பிளாச்சைப் போடலாம் என்று சொல்லுவோர் உளர். நம்பலாகாது. மூங்கில் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், உலர்ந்து சுருங்கும், கான்கிரீட்டோடு அதன் பிடிப்பு தளரும். நம் வீட்டுத் தளத்தில் எவரேனும் அவ்வாறு செய்ய முற்பட்டால் தடுத்து நிறுத்த வேண்டும்.

இவையெல்லாம் கற்பனையல்ல. மூங்கிலைக் கொண்டு கட்டடம் வடிவமைப்பதற்கென்றே ஐ.எஸ். 15912 என்னும் நெறிமுறையை இந்தியத் தர நிறுவனம் வெளியிட்டுள்ளது. நமக்கு அருகிலேயே ஆரோவில்லில் மூங்கில் மையம் ஒன்று பயிற்சி அளித்து வருகிறது. கல்நார்த் தகட்டுக்கு மாற்றாக, மூங்கிற் பாயை அழுத்திச் செய்யும் அலைத்தகட்டைப் பெங்களூரில் இயங்கிய ஒட்டுப்பலகை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிற்று.

ஏழையின் மரமா?

மூங்கிலை ஏழையின் மரம் என்று கூறுவர். அச்சொல்லில் இரக்கமும் இகழ்ச்சியும் கலந்திருக்கின்றன. தென்னமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டிலும் இவ்வாறே கருதினர். வசதி படைத்தோர் செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் மாறினர். 1999 ஜனவரி 25-இல் அந்நாட்டின் ஆர்மீனியா நகரத்தை நிலநடுக்கம் தாக்கியது. முறையாகக் கட்டப்படாத செங்கல், கான்கிரீட் கட்டடங்கள் பல இடிந்து உயிர்களைக் குடித்தன. மூங்கிற் சட்டமிட்டுச் சாந்து பூசி நன்கு பேணப்பட்ட வீடுகள் பல தாக்குப்பிடித்தன. பிறகு அந்நாட்டார் அவ்வகை வீடுகளைச் சோதித்து, தம் கட்டட விதிகளிலேயே அவற்றிற்கு இடம் தந்தனர். விதிகளில் இடம் பெற்றது என்பதை நாம் கவனிக்க வேண்டும். விதி எழுதப்பட்டபோது, அது ஏழையின் மரம் என்ற நிலையிலிருந்து பொறியாளரின் பொருளாக உயர்ந்தது.

நம் அண்டை மாநிலத்தில் 2022 நவம்பரில் திறக்கப்பட்ட பெங்களூர் விமான நிலையத்து இரண்டாம் முனையத்தின் மேற்கூரையின் உட்புறம் பதப்படுத்திய மூங்கிலால் அழகுற அமைக்கப்பட்டுள்ளது. சேரியில் இருந்தால் குடிசை. விமான நிலையத்தில் இருந்தால் கலை. பொருள் ஒன்றே. நடுவில் வேறுபட்டவை பக்குவமும் படிப்பும் பணமும் ஆகும். அவற்றுள் முதலிரண்டையும் நாம் பெற முடியும்; அவற்றைப் பெற்றால் மூன்றாவதும் ஓரளவேனும் தொடரும்.

யாருடைய மூங்கில்?

நிலைபேறு பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கேளாத கேள்வி ஒன்றுண்டு: மூங்கில் யாருக்குச் சொந்தம்? கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டத்து மாவூரில் இயங்கிய கூழ் ஆலைக்கு, அரசு ஒப்பந்தப்படி மிகக் குறைந்த விலையில் காட்டு மூங்கில் கொடுக்கப்பட்டது. காடுகளில் மூங்கில் அருகியது. கூடை முடைந்து பிழைத்தோர் கழிக்கு அலைந்தனர். இறுதியில் 2001-இல் ஆலையும் மூடப்பட்டது. மீண்டும் மீண்டும் முளைக்கும் பொருளும், பேராசைக்கு முன் தீர்ந்து போகும் என்பதற்கு இது சான்று.

இதற்கு மாறான சான்று மராட்டியத்துக் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ளது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருளாக வகைப்படுத்தி, காட்டில் வாழும் மக்களுக்கு அதில் உரிமை தந்தது. அவ்வுரிமையைப் போராடிப் பெற்ற மேந்தா-லேகா என்னும் பழங்குடிச் சிற்றூர், 2011 முதல் தன் கிராம சபையின் வழியாகவே மூங்கிலை வெட்டி விற்றது. வருவாய் ஊருக்கு வந்தது. ஊராரே காவலரும் ஆயினர். உரிமை உள்ள இடத்தில் பொறுப்பும் உண்டு.

நம் வட்டாரத்தில் மூங்கிற் காடு இல்லை. ஆனால் கெடிலத்தின் கரையும் பெண்ணையாற்றின் கரையும் உள்ளன. ஏரிக்கரையும் வாய்க்கால் ஓரமும் உள்ளன. 1892-இல் ஆங்கில அரசு நம் மக்களுக்கென ஒதுக்க ஆணையிட்ட பஞ்சமி நிலங்களை மீட்கும் போராட்டமும் ஓயவில்லை. நிலமில்லாதவனுக்கு மூங்கில் விலைக்கு வாங்கும் பொருள். நிலமுள்ளவனுக்கோ விளைவிக்கும் பொருள். ஆகவே மூங்கிலைப் பற்றிய பேச்சு இறுதியில் நிலத்தைப் பற்றிய பேச்சாகவே முடிகிறது.

நாம் செய்ய வேண்டுவன

கழகத்தின் முன்பும் இளைஞர்கள் முன்பும் சில கருத்துகளை வைக்கிறோம்.

ஒன்று: அரசு வீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கலாகாது. கான்கிரீட் வீடு வரும்போது அதன் அடித்தளத்தையும் கம்பியையும் காரையையும் கேள்வி கேட்டுச் சரிபார்க்கும் அறிவு தெருவுக்கு ஒருவருக்கேனும் வேண்டும். அவ்வீட்டோடு சேர்க்கும் திண்ணைப் பந்தல், மாட்டுக் கொட்டில், வெயிலில் காயும் தளத்தின்மேல் நிழற்கூரை ஆகியவற்றிற்குப் பக்குவம் செய்த மூங்கிலைப் பயன்படுத்தலாம்.

இரண்டு: மூங்கில் உயர்ந்த பொருள் என்றால் அது முதலில் பொதுக் கட்டடத்தில் ஏறட்டும். அலுவலகமும் நூலகமும் சமுதாயக் கூடமும் மூங்கிலால் எழும்பட்டும். அவை புயலையும் மழையையும் தாங்கி நின்றபின் நம் வீடுகளுக்கு வரட்டும். புதிய சோதனை எதையும் ஏழையின் குடும்பத்தை வைத்தே தொடங்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

மூன்று: கட்டடப் பொறியியலும் தொழிற்பயிற்சியும் கற்கும் நம் பிள்ளைகள், மேற்சொன்ன நெறிமுறைகளைத் தேடிப் படிக்க வேண்டும். கழியைத் தட்டிப் பார்த்துத் தரம் சொல்லும் முதியவர்கள் இன்றும் நம் தெருக்களில் உள்ளனர். அவர்கள் அறிவையும் ஏட்டறிவையும் ஒரே இடத்தில் அமர்த்த வேண்டும். மண் குழைத்துச் சுவர் பூசி மெழுகிய பெண்களின் கைத்திறனும் இதில் சேர வேண்டும். அவர்களுக்குச் சித்தாள் கூலி அல்ல, கைவினைஞர் கூலி தரப்பட வேண்டும்.

நான்கு: பத்துப் பேர் சேர்ந்து ஒரு மருந்தூட்டும் தொட்டி அமைத்தால், பந்தற் கழியும் ஏணியும் சாரக் கழியும் நெடுநாள் உழைக்கும், அதுவே ஒரு கூட்டுறவுத் தொழிலாகவும் வளரும். மத்திய அரசின் தேசிய மூங்கில் இயக்கம் 2006-07 முதல் உள்ளது. 2018-19-இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. அதன் உதவிகள் நம் தெருவின் வாசலுக்குத் தாமாக வாரா. விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்கள் கேட்டுப் பெற வேண்டும்.

ஐந்து: கழகம் தன் பொறுப்பில் சில புதர்களையேனும் நட வேண்டும். முள்ளில்லாத இனமும் கல்மூங்கிலும் கலந்து நடலாம். முதல் நான்கைந்து ஆண்டு நீரும் காவலும் வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் பலன் தரும். அக்கழிகளைக் கொண்டு, நம் பிள்ளைகளே கணக்கிட்டு, நம் கைவினைஞரே கட்டி, ஒரு படிப்பகம் எழுப்ப வேண்டும்.

அன்பார்ந்த இளைஞர்களே! 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தர், கோயிலும் நிலமும் கல்வியும் மறுக்கப்பட்ட மக்களுக்கு முதலில் எழுத்தைக் கொடுத்தார். எழுத்து வந்தபின் மற்றவற்றைக் கேட்கும் துணிவு தானே வந்தது. மூங்கிலைப் பற்றிய அறிவும் அத்தகையதே. பொருளை அறிந்தவனை எவரும் ஏமாற்ற முடியாது. மட்டமான வீட்டைக் காட்டி இதுவே உனக்குப் போதும் என்று சொல்லவும் முடியாது. நம் பாட்டனார் மூங்கிலைக் கைகளால் அறிந்தார். ஆனால் வேறு வழியின்றி அதன்கீழ் வாழ்ந்தார். நம் பேரப்பிள்ளைகள் மூங்கில் வீடு கட்டினால், பல வழிகளில் ஒன்றாக அதனை ஆராய்ந்து, விரும்பித் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். அவ்வுரிமை கைகூடும் நாளில்தான் மூங்கிலும் நிலைபேறுடைய கட்டடப் பொருள் என்னும் பெயரைப் பெறும்.

வெள்ளிவிழாக் காணும் இக்கழகம் இந்த மழைக்குள் முதற் புதரை நடட்டும்.